கயிறு மாறிய பிறகு

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவர்களை அழைத்துக்கொண்டு திருவரங்கம் சென்றிருந்தேன். ஆயிரங்கால் மண்டபத்துக்கு எதிரிலுள்ள சேஷராயர் மண்டபத்தின் முன்வரிசைத் தூண்களைப் பார்த்தவர் எவரும் மறக்கமாட்டார்கள். முன்னங்கால்களை உயர்த்திப் பாய்கின்ற கல்குதிரைகள்; அவற்றின் மேல் வேலேந்திய வீரர்கள்; குளம்புகளுக்குக் கீழே வாளும் கேடயமும் ஏந்திய காலாட்கள், வேட்டையில் மாட்டிய புலிகள். சேணத்தின் முடிச்சையும் கழுத்து மணியையும்கூடச் சிற்பி விட்டுவைக்கவில்லை. நாயக்கர் காலச் சிற்பமரபு, விஜயநகரப் படையமைப்பு என்று வழக்கமான விரிவுரையை நான் நிகழ்த்திக்கொண்டிருந்தபோது, கிராமத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் தயங்கியபடி கேட்டார்: "ஐயா, இதுங்களுக்குப் புல்லு அறுத்துப் போட்டவன் எங்க இருக்கான்?"

"சிற்பிக்குத் தூணில் இடம் போதவில்லை போலும்" என்று சொல்லிச் சமாளித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பேருந்தேறி வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு குதிரையைப் பற்றி எதை வாசித்தாலும் அந்த ஆளைத் தேடுவதே வழக்கமாயிற்று. அந்தத் தேடலில் கிடைத்தவற்றை இங்கே தொகுத்துக்கொள்கிறேன்.

குதிரைக்கும் மனிதனுக்குமான உறவை நாம் எப்போதும் ஏறி அமர்ந்தவனின் உயரத்திலிருந்தே பார்த்துப் பழகியிருக்கிறோம். அலெக்சாந்தரும் பூசிஃபலசும், தேசிங்கு ராஜனும் அவன் குதிரையும் என்று கதைகள் எல்லாமே சேணத்தின் மேலிருந்து சொல்லப்பட்டவை. ஆனால் அந்த உறவு உண்டானதும் வளர்ந்ததும், பல இடங்களில் முறிந்துபோனதும் தரையில்தான். தீனித்தொட்டியின் அருகே, லாயத்தின் வாசலில், குளம்பைத் தூக்கிப் பார்க்கக் குனிந்த ஒருவனுக்கும் தன் காலை அவன் கையில் தரச் சம்மதித்த ஒரு விலங்குக்கும் இடையில் அது நிகழ்ந்தது. தமிழ்நாட்டு வரலாற்றில் இந்த உண்மைக்கு ஒரு கசப்பான சான்று இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள முதலில் சற்றுத் தொலைவு போய்வர வேண்டும்.

*

இன்று உலகெங்கும் உள்ள வீட்டுக்குதிரைகளின் மூதாதைகள் எங்கிருந்து வந்தன என்பது நெடுநாள் வழக்காக இருந்தது. பழங்குதிரைகளின் எலும்புகளிலிருந்து பிரித்தெடுத்த மரபணுக்களை ஒப்பிட்ட பெரிய ஆய்வொன்று 2021இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. வோல்கா, தோன் ஆறுகளின் கீழ்ப்பகுதிப் புல்வெளிகளிலிருந்து, சுமார் 4200 ஆண்டுகளுக்கு முன், ஒரே மரபுக் குதிரைகள் யூரேசியா முழுவதும் விரைந்து பரவின என்பது அதன் முடிவு. அக்குதிரைகளில் இரண்டு மரபணுக்கள் அழுத்தமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன என்றும் அவ்வாய்வு கூறியது. ஒன்று முதுகெலும்பின் உறுதியோடு தொடர்புடையது. மற்றொன்று அச்சத்தையும் மனநிலையையும் ஆளும் நரம்பமைப்போடு தொடர்புடையது. சுமக்கும் முதுகு மட்டும் மனிதனுக்குப் போதவில்லை. தன் அருகில் நடுங்காமல் நிற்கும் மனமும் தேவைப்பட்டிருக்கிறது. குதிரையின் மேல் ஏறுவதற்கு முன்னால் அதன் பக்கத்தில் நிற்க முடியவேண்டும் அல்லவா?

பக்கத்தில் நிற்பதைத் தொழிலாகக் கொண்டவர்களில் நமக்குப் பெயர் தெரிந்த மிகப் பழைய மனிதர் கிக்குலி. இன்றைய துருக்கியில், ஹிட்டைட் பேரரசின் தலைநகராயிருந்த ஹட்டுசாவின் இடிபாடுகளில் கிடைத்த களிமண் பலகைகளில் அவருடைய கையேடு இருக்கிறது. சுமார் 3400 ஆண்டுகளுக்கு முற்பட்ட நூல். மித்தன்னி நாட்டுக் குதிரைப் பயிற்றுநன் கிக்குலி கூறுவது என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு அது தொடங்குகிறது. ஓட்டச் சுற்றுகளைக் குறிக்க அவர் கையாளும் கலைச்சொற்களில் ஐக, தேர, பஞ்ச, சத்த, நாவ என்ற எண்ணுப்பெயர்கள் வருகின்றன. வடமொழியின் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதோடு இவற்றுக்குள்ள உறவு மொழியியலாளர்களிடையே பெரும்புகழ் பெற்றது. அந்தப் புகழிலேயே நூலின் உள்ளடக்கம் மறைந்துவிட்டது என்றும் தோன்றுகிறது.

கிக்குலியின் குதிரைகள் தேர்க்குதிரைகள். அவற்றின் முதுகில் ஏறுவது பற்றி அவர் பேசுவதில்லை. நாள்நாளாகத் திட்டமிடப்பட்ட, ஏறத்தாழ ஆறு மாத காலப் பயிற்சியில் எத்தனை தொலைவு ஓட்டுவது என்பதற்கு ஈடாக, ஓட்டிய பின் என்ன செய்வது என்பதும் சொல்லப்படுகிறது. எப்போது ஆற்றில் குளிப்பாட்டுவது, எப்போது போர்வை போர்த்துவது, எந்த வேளை பார்லியும் எந்த வேளை புல்லும் வைக்கோலும் இடுவது, எந்த இரவு பட்டினி போடுவது — இவைதாம் அந்த நூல். ஒரு பேரரசின் ஆவணக்காப்பகத்தில், சமாதான உடன்படிக்கைகளோடும் வழிபாட்டு விதிகளோடும் சேர்த்து, அயல்நாட்டுக் குதிரைக்காரர் ஒருவரின் தீனிக்கணக்கும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஹிட்டைட் மன்னர்கள் அந்த அறிவுக்குத் தந்த மதிப்புக்கு வேறு சான்று தேவையில்லை.

*

ஆயிரம் ஆண்டுகள் கடந்து, கி.மு. நான்காம் நூற்றாண்டில் செனொஃபோன் வருகிறார். சாக்ரடீசின் மாணவர், பாரசீகத்தின் நடுவிலிருந்து பத்தாயிரம் கிரேக்கக் கூலிப்படையினரை வழிநடத்தி ஊர்திரும்பியவர்களுள் ஒருவர். குதிரையேற்றம் பற்றி அவர் எழுதிய சிறுநூல் முழுமையாகக் கிடைத்துள்ளது. ஏறுவதைப் பற்றிய நூல்தான்; ஆனால் அதன் கணிசமான பகுதி ஏறாதபோது செய்யவேண்டியதைப் பற்றியது.

குட்டியைப் பயிற்றுநரிடம் ஒப்படைப்பதை, மகனை ஒரு தொழில் பழக அனுப்புவதோடு ஒப்பிடுகிறார் அவர். என்னென்ன கற்றுத் திரும்பவேண்டும் என்று எழுத்திலேயே உடன்பாடு செய்துகொள்ளச் சொல்கிறார். அதற்கு முன் வீட்டில் செய்யவேண்டியது ஒன்றுண்டு. பசி, தாகம், ஈக்கடி ஆகிய துன்பங்கள் தனிமையோடு வருபவை என்றும், உணவும் நீரும் ஆறுதலும் மனிதனோடு வருபவை என்றும் குட்டி உணருமாறு லாயக்காரன் பார்த்துக்கொள்ளவேண்டும். அப்போது அது மனிதனைப் பொறுத்துக்கொள்வதோடு நில்லாது, அவனை நாடவும் தொடங்கும். பிடரிபோல மயிர் அடர்ந்த இடங்களையும், குதிரை தன் வாயாலோ வாலாலோ எட்டமுடியாத இடங்களையும் தடவிக்கொடுக்கவேண்டும். சந்தைக்கூட்டத்தின் ஊடே நடத்திச் சென்று பலவகை ஓசைகளையும் காட்சிகளையும் பழக்கவேண்டும். எதையேனும் கண்டு அது மிரண்டால் அடிக்கக்கூடாது; அடித்தால் மிரட்டிய பொருளோடு வலியும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பொருளைத் தான் முதலில் தொட்டுக்காட்டி, மெல்ல அருகே அழைத்துச் செல்லவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: சினத்தோடு குதிரையை அணுகாதே. சினம் முன்யோசனை அற்றது, பின்னால் வருந்தவேண்டிய செயல்களையே அது செய்விக்கும் என்று அவர் காரணமும் சொல்கிறார். தத்துவ ஆசிரியரிடம் பயின்றவர் லாயத்தில் நின்றுகொண்டு எழுதியது போலிருக்கிறது இந்த இடம்.

இங்கே ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். செனொஃபோனின் லாயக்காரன் பெரும்பாலும் ஓர் அடிமை. நூல் பேசுவது உரிமையாளரோடு. அவர் தம் ஆளை எப்படிப் பழக்கவேண்டும் என்பதே நூலின் நடை. கிக்குலிக்குப் பெயர் கிடைத்தது. ஏதென்சில் குதிரைக்குப் புல் போட்டவனுக்குக் கிடைக்கவில்லை.

*

நம் பக்கம் திரும்பலாம். வடமொழி மரபில் சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் குதிரை மருத்துவ நூல்கள் உண்டு. அர்த்தசாஸ்திரத்தில் குதிரை அதிகாரியின் கடமைகளுக்கென ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது. குதிரைகளின் பிறப்பு, வயது, நிறம், அடையாளக்குறி ஆகியவற்றைப் பதிவுசெய்வது முதல் கொட்டிலின் அளவு, தீனியின் அளவு வரை அது விதிக்கிறது. அதில் ஓரிடத்தில் பணியாட்களின் பட்டியல் வருகிறது: கயிறு பிடிப்பவன், குதிரையைக் கட்டுபவன், புல் கொண்டுவருபவன், தீனி சமைப்பவன், கொட்டில் காவலன், மயிர் திருத்துபவன், விஷமருத்துவன். இந்த ஏழு பேரும் தத்தம் தொழிலால் குதிரைகளுக்குச் செய்யவேண்டியதைக் குறிக்க அந்நூல் பயன்படுத்தும் வினைச்சொல் 'ஆராதித்தல்'. தெய்வத்துக்குச் செய்வதற்கும் அதே சொல்தான். கடமை தவறினால் ஒருநாள் கூலி பிடித்தம் என்ற விதியும் கையோடு வருவதால் இதில் மிகையான உருக்கம் காணத் தேவையில்லை. ஆயினும் என் மாணவர் கேட்ட ஆள், புல் கொண்டுவருபவன் என்ற தொழிற்பெயரோடு, ஆராதிப்பவர்களின் வரிசையில் ஒருமுறையேனும் நிற்பதைக் கண்டபோது மகிழ்ச்சியாகவே இருந்தது.

சங்க இலக்கியத்தில் குதிரைக்குப் பஞ்சமில்லை. கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைக் காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டினப்பாலை சொல்கிறது. அகப்பாடல்களில் தலைவன் வீடு திரும்பும் தேரைப் பாகன் ஓட்டுகிறான். கடிவாளத்தை இழுத்துப் பிடித்து ஓட்டினால்தான் ஆயிற்று, முட்கோல் பட்டால் இந்த உலகமே அதன் ஓட்டத்துக்குப் போதாது என்று ஒரு குதிரை புகழப்படுகிறது. கோல் கையிலிருந்தும் பயன்படுத்தாமல் இருப்பது பாகனின் திறமையென அக்கவிஞர் கருதியிருக்கிறார்.

புறநானூற்றில் 'குதிரை மறம்' என்றே ஒரு துறை உண்டு. அத்துறையில் எருமை வெளியனாரின் பாடலொன்று (273) ஒரு வீட்டின் வாசலில் நிகழ்கிறது. மற்றவர்களுடைய குதிரைகள் எல்லாம் போர்க்களத்திலிருந்து வந்துவிட்டன. இந்த வீட்டுக் குதிரை மட்டும் வரவில்லை. மனைவி கணவனின் பெயரைச் சொல்லி அழவில்லை. குதிரை வரவில்லையே என்றுதான் மறுகுகிறாள். அந்த வீட்டில் குதிரை யாராக இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சொல்லவேண்டும்?

அதே துறையில் பொன்முடியாரின் பாடல் (299) நம் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது. பருத்தியை வேலியாகக் கொண்ட சிற்றூர்த் தலைவன் ஒருவனின் குதிரை, உளுந்தின் சக்கையைத் தின்று தளர்ந்த நடையோடு இருப்பது. ஆனால் போர் என்று வந்தபோது கடலைப் பிளக்கும் தோணியாகப் பகைப்படையை ஊடறுத்தது. மருதநிலப் பெருவேந்தர்களின் குதிரைகளோ நெய் பெய்த உணவுண்டு, பிடரி கத்தரித்து, மாலை சூட்டப்பட்டவை. அவை களத்தில் ஒதுங்கி நின்றன. உரைகாரர்கள் இதைச் சிற்றூர் மன்னனின் வீரத்தைப் போற்றும் பாட்டாகவே கொள்வர். அது சரிதான். ஆயினும் இப்பாடலில் தீனி ஏன் வருகிறது என்று கேட்டுக்கொண்டால், கவிஞர் எதையோ கண்ணால் பார்த்திருக்கிறார் என்ற எண்ணம் வலுக்கிறது. அவர் என்ன பார்த்திருப்பார் என்பதைச் சொல்ல மேலும் ஆயிரம் ஆண்டுகள் தாண்டிப் பாண்டியரிடம் போகவேண்டும்.

*

13ஆம் நூற்றாண்டின் இறுதி. மாறவர்மன் குலசேகர பாண்டியனின் ஆட்சிக்காலம். காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. சோழர் காலத்திலிருந்தே கல்வெட்டுகள் 'குதிரைச் செட்டி'களைக் குறிப்பிடுகின்றன. பாண்டியர் காலத்தில் அந்த வணிகம் முன்னில்லாத அளவுக்குப் பெருகியது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கின்படி, கீஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டிருந்தார். குதிரை ஒன்றுக்கு 220 தினார் பொன். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் அரசுக் கருவூலமே விலை தரவேண்டும் என்பது ஒப்பந்தம்.

ஏறத்தாழ அதே காலத்தில் இக்கரையைப் பார்த்த மார்க்கோ போலோ, மன்னன் ஆண்டுக்கு 2000க்கும் மேற்பட்ட குதிரைகள் வாங்குகிறான், அவனுடைய சகோதரர்களும் அப்படியே வாங்குகிறார்கள், ஆண்டின் முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். அவர் சொன்ன காரணம் எளிது: குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. வணிகர்கள் தங்களோடு குதிரை வைத்தியர்களை அழைத்து வருவதுமில்லை, வர விடுவதுமில்லை. குதிரைகள் சாகச்சாக வியாபாரம் அல்லவா? அரிசியோடு இறைச்சியை வேகவைத்துக் குதிரைகளுக்கு ஊட்டுவதையும் அவர் குறிப்பிடுகிறார்.

வஸ்ஸாஃபின் விவரிப்பு இன்னும் துல்லியமானது. பச்சைப் பார்லிக்குப் பதிலாக வறுத்த பார்லியும், வெண்ணெய் கலந்த தானியமும், குடிக்கக் காய்ச்சிய பசும்பாலும் தருகிறார்கள். 40 நாட்கள் கயிறும் முளையும் கொண்டு கொட்டிலில் கட்டிப்போட்டுக் கொழுக்கவைக்கிறார்கள். அதன்பின் எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஏறிப் பேய்களைப்போல ஓட்டுகிறார்கள். காற்றாய் வந்த குதிரைகள் கொஞ்ச காலத்தில் ஒன்றுக்கும் உதவாதவையாகிவிடுகின்றன. ஆகவே ஆண்டுதோறும் புதிய குதிரைகள் வாங்கியே ஆகவேண்டியிருக்கிறது.

இவற்றை அப்படியே ஏற்கத் தேவையில்லை. இருவரும் வெளியூர்க்காரர்கள், எண்களில் மிகை இருக்கலாம். ஈரமும் வெப்பமும் மிகுந்த தட்பவெப்பம், புல்வெளிகளின் குறைவு, மாதக்கணக்கான கடற்பயணம் ஆகியவையும் குதிரைகளைக் கொன்றிருக்கும். தானியத்தோடு நெய்யும் இறைச்சியும் தருவது அறியாமை மட்டுமன்று. அர்த்தசாஸ்திரத்தின் தீனிப்பட்டியலிலும் அவை இடம்பெறுகின்றன. ஆனால் அங்கே புல்லும் கூடவே இருக்கிறது, புல் கொண்டுவருபவனும் இருக்கிறான்.

இன்றைய கால்நடை மருத்துவம் அந்தக் குதிரைகளின் சாவை ஓரளவு விளக்குகிறது. குதிரை, தன் பகலிரவில் பாதிக்கும் மேற்பட்ட பொழுதை மேய்ச்சலில் கழிக்க அமைந்த உடல். உடலின் அளவுக்கு அதன் இரைப்பை சிறியது. நார்ச்சத்து செரிப்பது பெருங்குடலில், நுண்ணுயிர்களின் உதவியால். மிகையான மாவுச்சத்து அங்கே சென்று புளித்தால் கடும் வயிற்றுவலி உண்டாகும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. குளம்பின் உட்புறத் திசுக்கள் வீங்கி நிற்கவே முடியாமல் போகும் நோயும் இதன் தொடர்ச்சியே. 40 நாள் கட்டுத்தறியும் நெய்ச்சோறும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பொன்முடியாரின் சிற்றூர்க் குதிரை தின்ற உளுந்துச் சக்கையில் இருந்தது நார். வறுமையினால் போட்ட தீனி அதன் உடலுக்குப் பொருந்திவிட்டது. பெருவேந்தரின் குதிரைகளுக்குக் கிடைத்தது செல்வம்; அதை அவற்றால் செரிக்க முடியவில்லை. ஒரு பாடலை மருத்துவச் சான்றாக்குவது முறையல்ல என்பதை அறிவேன். ஆயினும் நெய்யுண்ட குதிரை களத்தில் தயங்கி நின்றதை அந்தக் கவிஞர் எங்கோ பார்த்திருக்கிறார் என்று எண்ணவே மனம் விரும்புகிறது.

அன்பில்லாமல் யாரும் நெய் ஊற்றுவதில்லை என்பதுதான் இதில் வலிக்கும் செய்தி. தனக்கு உயர்ந்தது எதுவோ அதைக் குதிரைக்கும் கொடுத்தான் அரசன். குதிரைக்கு எது தேவை என்று கேட்கத் தெரிந்தவன் அந்தக் கப்பலில் ஏறவில்லை. பாண்டியர்கள் பொன் கொடுத்துக் குதிரையை வாங்கினார்கள். அதனோடு பழகும் அறிவு விற்பனைக்கு வரவில்லை.

இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நிலைமை அதிகம் மாறவில்லை. விஜயநகரத்தின் சாளுவ நரசிம்மன் உயிரோடு வந்த குதிரைக்கும் இறந்த குதிரைக்கும் ஒரே விலை கொடுத்தான் என்றும், கடலில் இறந்தவற்றின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதுமென்றும் போர்ச்சுகீசியரான நூனிஸ் எழுதுகிறார். குதிரையின் வாலைக் கணக்கெழுதி வாங்கிக்கொண்ட அரண்மனையைக் கற்பனை செய்துபார்க்கிறேன்.

*

இந்த இடத்தில் மாணிக்கவாசகர் கதை நினைவுக்கு வராமல் இராது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னை அமைச்சர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டுவிடுகிறார். சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கி, தாமே குதிரை வணிகராக மதுரைக்கு வருகிறார். திருவிளையாடற் புராணம் அந்தக் குதிரைகளின் இலக்கணங்களையெல்லாம் விரித்துரைத்துவிட்டு ஒரு சடங்கைச் சொல்கிறது: கயிறு மாறுதல். விற்பவன் கையிலிருந்து வாங்குபவன் கைக்குக் கயிறு மாறியதும் வணிகம் முடிந்தது. அதன்பின் குதிரைக்கு நேர்வது எதுவும் விற்றவனைச் சாராது. அன்றிரவே குதிரைகள் நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிவிடுகின்றன.

பக்தி மரபில் இக்கதையின் பொருள் வேறு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் அடியில் ஒரு நாட்டின் பழைய துயரநினைவும் படிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பகலில் பொன் கொடுத்து வாங்கிய அழகிய குதிரைகள் கைக்கு வந்தபின் வேறொன்றாகிவிடுகின்றன, லாயம் காலியாகிறது, கருவூலம் காலியாகிறது, காரணம் எவருக்கும் புரிவதில்லை. மாயம் என்றுதானே அதற்குப் பெயர் வைக்கமுடியும்? கயிறு மாறியது. கயிற்றின் மறுமுனையில் இருப்பதோடு எப்படி வாழ்வது என்பது மட்டும் மாறிவரவில்லை.

*

குதிரை நம்மைப் பார்க்கிறது என்பதை நவீன அறிவியல் ஒரு விபத்தின் வழியாகத்தான் கண்டுகொண்டது. பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஹான்ஸ் என்ற தம் குதிரைக்குக் கூட்டல், கழித்தல், பின்னங்கள் கற்பித்தார். கணக்கைக் கேட்டால் ஹான்ஸ் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1904இல் அறிஞர் குழு ஒன்று ஆராய்ந்து, ஏமாற்று ஏதுமில்லை என்றது. பின்னர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் உண்மையைக் கண்டுபிடித்து 1907இல் வெளியிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டாலும், குதிரையால் அவரைப் பார்க்க முடியாவிட்டாலும் ஹான்ஸ் தோற்றது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை அவரறியாமல் மயிரிழை நிமிர்கிறது. ஹான்ஸ் அதைக் கண்டு நிறுத்திவிடுகிறது.

குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்று உலகம் சிரித்தது. ஃபான் ஓஸ்டன் மனமுடைந்து 1909இல் இறந்தார். அவர் நான்காண்டுகள் தினமும் தம் குதிரையின் முன் நின்றிருக்கிறார். அந்த நான்காண்டுகளும் அது அவரைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவர்தான் அதைப் படிக்கவில்லை. நானும் ஓர் ஆசிரியன் என்பதால் இந்தக் கதை என்னைச் சற்று அதிகமாகவே தொந்தரவு செய்கிறது. என் முகம் மாறுவதைப் பார்த்து விடையைத் திருத்திக்கொண்ட மாணவர்கள் எத்தனை பேரோ!

அதன்பின் வந்த ஆய்வுகள் செனொஃபோனுக்கு அடிக்குறிப்புகள் எழுதுவதுபோல அமைந்திருக்கின்றன. பிடரியின் அடிப்பகுதியை, குதிரைகள் ஒன்றையொன்று கொறித்துவிடும் அதே இடத்தை, மனிதக்கை தேய்த்துவிட்டால் இதயத்துடிப்பு தணிகிறது என்று 1993இல் ஓர் ஆய்வு காட்டியது. சினமுற்ற மனித முகத்தின் புகைப்படத்தைக் கண்டாலே குதிரையின் இதயத்துடிப்பு விரைகிறது என்றது 2016இல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஆய்வு. அதே ஆண்டு நார்வேயில் 23 குதிரைகளுக்கு மூன்று குறிப்பலகைகள் கற்பிக்கப்பட்டன: போர்வை போர்த்து, போர்வையை எடு, இருப்பது இருக்கட்டும். குளிரும் மழையும் வந்த நாளில் அவை போர்வை கேட்டன. வெயில் நாளில் வேண்டாம் என்றன. கேட்கத் தெரிந்தால் பதில் சொல்ல அவை எப்போதும் ஆயத்தமாகவே இருந்திருக்கின்றன.

*

என் சிறுவயதில், 1980களின் இறுதியில், எங்கள் ஊர் ரயில்நிலைய வாசலில் இரண்டு மூன்று ஜட்கா வண்டிகள் மிஞ்சியிருந்தன. அவற்றில் ஒன்றின் உரிமையாளர் எங்கள் தெருமுனையில் குடியிருந்தார். அவரை இலட்சியவாதியாக்க நான் முயலமாட்டேன். சாட்டை அவர் கையிலும் இருந்தது. ஆனால் வண்டியை அவிழ்த்ததும் அவர் முதலில் தம் முகத்தைக் கழுவியதாக நினைவில்லை. வைக்கோலைச் சுருட்டிக் குதிரையின் வியர்வையைத் துடைப்பார். மூச்சுத் தணியும்வரை நடத்துவார். பிறகுதான் தண்ணீர் காட்டுவார். ஒவ்வொரு காலாக மடக்கித் தூக்கிக் குளம்பில் சிக்கிய கல்லைக் கிளறி எடுப்பார். அப்போது குதிரை தன் தலையைத் திருப்பி அவர் முதுகை முகரும். பின்னரே அவர் திண்ணையில் அமர்ந்து பீடியைப் பற்றவைப்பார்.

ஆட்டோக்கள் பெருகியபின் அவர் குதிரையை விற்க நேர்ந்தது. வாங்க வந்தவர் பக்கத்து ஊர்க்காரர், இளைஞர். பணம் கைமாறியது, கயிறும் மாறியது. அவரும் கூடவே நடந்தார். அன்று மட்டுமல்ல, அடுத்த ஒரு வாரமும் காலையில் சைக்கிளில் அந்த ஊருக்குப் போய்வந்தார். முதல்நாள் புறப்படும்போது அந்த இளைஞரிடம் அவர் சொல்லிக்கொண்டே போனது, தெருவில் நின்றுகொண்டிருந்த எனக்குக் கேட்டது: "தம்பி, கொள்ளு நல்லா ஊறியிருக்கணும். ஓடி வந்த சூட்டுல தண்ணி காட்டிராதீங்க. இடது பக்கமா வாங்க, அதுக்கு அதான் பழக்கம். வர்றப்ப ஏதாச்சும் பேசிக்கிட்டே வாங்க, யாருன்னு தெரியட்டும்."

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. ஊரில் எல்லோருக்கும் அவர் குதிரைக்காரர்தான். திருவரங்கத்தில் என் மாணவர் கேட்டபோது அவரை நினைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. இனி யாரேனும் கேட்டால் அவரைத்தான் சொல்லவேண்டும்.